பின்காலர்

"யாரைக் கேட்டும்மா இதுல ஊசி வச்சே?"

இதைத்தான் கேட்டாள். நான் ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. 'யாரைக் கேட்டும்மா இதுல ஊசி வச்சே?' சென்னை ட்ராக்கில், மெக்கானிக்குகளும் மற்றப் பிள்ளைகளின் அப்பாக்களும் சுற்றி நிற்கிற இடத்தில், பெற்ற தாயைப் பார்த்து. நான் என்ன பக்கத்து வீட்டுப் பெண்ணின் முகூர்த்தப் புடவையிலா ஊசி வைத்தேன்? என் மகள், அவளுடைய உடுப்பு. நான் யாரைக் கேட்க வேண்டும்? கார்ப்பரேஷனையா?

நீங்கள் முதலில் அந்த ஊசியைக் கீழே வையுங்கள். அதற்காகத்தான் இதை ஆரம்பித்தேன். முன்பின் தெரியாதவரிடம் பேச்சுக் கொடுக்கிற ஆள் இல்லை நான். ஆனால் நீங்கள் வந்ததிலிருந்து மடியில் ரேஸ் சூட்டை விரித்து வைத்துக்கொண்டு நூல் கோத்துக்கொண்டிருக்கிறீர்கள். பார்த்துக்கொண்டு சும்மா உட்கார முடியவில்லை. உங்கள் மகளுடையதா? பெயர்ப்பட்டி தைக்கவா? இலக்கியா. நல்ல பெயர். கார் ஓட்ட வந்து முதல் வருஷமா? அப்படியென்றால் கட்டாயம் கீழே வையுங்கள். நூலைக் காட்டுங்கள். நினைத்தேன். பாலியெஸ்டர்.

இருங்கள், இந்தக் கார்க் கூட்டம் கடந்து போகட்டும். காது கிழிகிறது.

என் மகளும் ஓட்டுகிறாள். சம்யுக்தா. வீட்டில் சம்மு. இன்றைக்கு இங்கேதான் ஓட்டுகிறாள், அடுத்த ரேஸில். உங்களுக்குத் தெரியுமா? பெயர் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஆமாம், அதே பெண்தான். என்னைப் பார்த்தால் தெரியாது. அவள் அப்பா ஜாடை.

இதே ஊரில், கணபதியில் வீடு. எங்கள் வீட்டுக்காரருக்கு லேத் பட்டறை. பம்ப் மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறார். கல்யாணத்துக்கு முன்னால் அவர் பைக் ரேஸ் ஓட்டினவராம். நான் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் ஸ்கூட்டரில் நாற்பதைத் தாண்டினால் நான் இடுப்பில் கிள்ளுவேன். அவ்வளவுதான் அவருடைய ரேஸ். பிள்ளைக்குள் அது எப்படி இறங்கியதோ. கூடப் படிக்கிற பெண்ணின் பிறந்தநாளுக்குப் போன இடத்தில் குட்டி கார் ஓட்டவிட்டார்கள், கார்ட் என்பார்களே, அது. மற்றப் பிள்ளைகள் கேக் வெட்டப் போனார்கள். இவள் போகவில்லை. நான் போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். "இன்னொரு ரவுண்டும்மா" என்றாள். அந்த இன்னொரு ரவுண்டு இன்றைக்கு வரைக்கும் முடியவில்லை.

கார்ட்டில் நாலைந்து வருஷம். அப்புறம் ஜூனியர் கார். உங்கள் மகள் இப்போது ஓட்டுவது அதுதானே? கூரை கிடையாது, சக்கரம் நான்கும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், உள்ளே ஒரு ஆள் படுத்த மாதிரி கிடந்து ஓட்ட வேண்டும். அதற்கு மேலே எஃப்-ஃபோர். அதற்கும் மேலே என்னென்னவோ. எனக்கு எஃப்-ஃபோர் வரைக்கும் தெரிந்தால் போதும். அதற்கு மேல் தெரிந்துகொள்ள உடம்பில் தெம்பு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை என்றால் ட்ராக். எத்தனை கல்யாணம் விட்டுப்போயிற்று தெரியுமா? முகூர்த்தமெல்லாம் ஞாயிற்றுக்கிழமையில்தானே வைக்கிறார்கள். எங்கள் நாத்தனார் ஒருத்தி இருக்கிறாள், வாய் சும்மா இருக்காது. "ஏனுங்கண்ணி, புள்ளைய டிரைவர் வேலைக்கா பழக்கறீங்க?" என்று ஒரு நாள் வளைகாப்பு வீட்டில் வைத்துக் கேட்டாள். நான் விடுவேனா? "ஆமாங்க, உங்க பையன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்புக் காருக்கு ஆள் வேணுமில்ல" என்றேன்.  என் மகளை நான் சொல்லலாம். வேறு யாரும் சொல்லக் கூடாது.

ட்ராக்கில் எனக்கு என்ன வேலை? டிஃபன் கூடை, தண்ணீர் கேன், துண்டு, வெயிலில் நிற்பது. இந்தச் சத்தத்தில் எல்லோரும் கத்திக் கத்திப் பேசுவார்கள். டயர், கியர், நேரம், இன்னும் அரை வினாடி. நான் ஒருத்திதான் "சாப்பிட்டியா" என்று கேட்கிற ஆள். அதற்கும் பதில் வராது.

ஆனால் தையல் எனக்குத் தெரியும். கான்வென்டில் சிஸ்டர் பெனிக்னா என்று ஒருத்தர். முன்பக்கத் தையலைப் பார்க்கவே மாட்டார். துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். பின்பக்கமும் முன்பக்கம் மாதிரி இல்லையென்றால் மர ஸ்கேலால் விரல் மேல் ஒன்று. என் விரலில் அந்த ஸ்கேல் பட்டதே இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். வேறு எதற்கு எனக்குப் பெருமை?

இப்போது கேளுங்கள். போன வருஷம் கடைசி ரேஸ், சென்னையில். ஜூனியர் கார் வருஷம் முடிகிற ரேஸ். ஒரு டீம்காரர்கள் இவளிடம் சொல்லியிருந்தார்கள்: இந்த ரேஸில் முதல் மூன்று இடத்துக்குள் வா, அடுத்த வருஷம் எங்கள் எஃப்-ஃபோர் காரை ஓட்டு, நீ பணம் ஒன்றும் கொண்டுவர வேண்டாம். எங்களைப் போல பட்டறைக்காரர் வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மாதமாக வீட்டில் அதே பேச்சு. தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கும், அப்பாவும் மகளும் உப்பு டப்பாவையும் ஊறுகாய் பாட்டிலையும் நகர்த்தி நகர்த்தி வளைவில் எப்படித் திரும்புவது என்று பேசுவார்கள். ஊறுகாய் பாட்டில்தான் என் மகள்.

அந்தச் சூட் புதிது. அதாவது எங்களுக்குப் புதிது, யாரோ ஒரு பையனிடமிருந்து வாங்கியது. ஆம்பிளை வெட்டு. தோள் சரியாக இருந்தது, இடுப்பில் மூட்டை. அதற்கு முந்தின ரேஸில் மேடையேறி நின்ற போட்டோவை நாத்தனார் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணி, அரிசிச் சாக்கு கட்டின மாதிரி இருக்குது" என்றாள். போட்டோவை வாங்கி மறுபடி பார்த்தேன். அப்படித்தான் இருந்தது.

அவளுக்குப் பரீட்சை. காலையில் போனால் மாலையில் வருவாள். அந்தச் சமயத்தில் எடுத்து, இடுப்பில் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தேன். மூன்று மடிப்புத் துணி, உள்ளே பஞ்சு போல ஏதோ, ஊசி இறங்க மாட்டேன் என்கிறது. விரல் நுனியெல்லாம் புண். மிஷினில் போட்டிருக்கலாம், போடவில்லை. கையால்தான் தைத்தேன். நிறத்துக்கு நிறம் நூல் தேடி டவுன்ஹால் கடைவீதி வரைக்கும் போய் வந்தேன். தைத்து முடித்துத் திருப்பிப் பார்த்தால் எந்தப் பக்கம் முன், எந்தப் பக்கம் பின் என்று எனக்கே தெரியவில்லை.

அவள் தொடாதே என்று சொல்லியிருந்தாளா என்று கேட்கிறீர்கள். சொல்லியிருந்தாள். "சூட்டைத் தொடாதேம்மா, நானே துவைச்சுக்கறேன்" என்றாள். அது துவைப்பதைப் பற்றி. தைப்பதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் அந்தக் காலர்.

இதை நீங்கள் நியாயமாகக் கேட்க வேண்டும். சூட் முழுக்கப் பட்டிகள். நெஞ்சில் போர்வெல் கம்பெனி, தோளில் செக்கு எண்ணெய், கையில் பல் டாக்டர். நான் ஒரு நாள் கேட்டேன், "இதென்ன சம்மு, பஸ் ஸ்டாண்டுச் சுவர் மாதிரி?" என்று. அதற்கு அவள் என்ன சொன்னாள்? "பேர் போடறவங்க எல்லாரும் ஏதாவது தர்றாங்கம்மா. சும்மா யார் பேரையும் நான் சுமக்க மாட்டேன்." அவள் வாயால் சொன்னது. அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, பிள்ளைக்கு விவரம் இருக்கிறதே என்று.

சரி. இடுப்பை முடித்துவிட்டு மடிக்கும்போது பார்க்கிறேன், காலருக்குப் பின்னால், வெளிப்பக்கம், ஒரு பட்டி. ஏதோ வெளிநாட்டுக் கம்பெனி பெயர், கீழே நம்பர்கள். எனக்கு இங்கிலீஷ் தெரியாதா? படித்தேன். கம்பெனி பெயரும் நம்பரும்தான். எங்கள் வீட்டுக்காரர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். "ஏனுங்க, இந்தக் கம்பெனிக்காரன் நமக்கு என்ன தர்றான்?" என்று கேட்டேன். "எவன்?" என்றார். பெயரைச் சொன்னேன். "அவன் என்னத்தத் தர்றான், நாமதான் காசு குடுத்து வாங்கியிருக்கோம்" என்று சொல்லிவிட்டுப் போனில் பேச்சைத் தொடர்ந்தார்.

அவ்வளவுதான். பிரித்துவிட்டேன்.

சிரிக்காதீர்கள். நீங்களாக இருந்தாலும் பிரித்திருப்பீர்கள். இதோ பாருங்கள், பர்ஸில்தான் வைத்திருக்கிறேன். வாங்கிப் பாருங்கள். ஓரத்தில் ஒரு பிசிறு இருக்கிறதா? காலரிலும் அப்படித்தான், பட்டி இருந்த தடமே தெரியாது. தையல் போடுவதைவிடப் பிரிப்பதுதான் கஷ்டம். துணிக்கு வலிக்காமல் பிரிக்க வேண்டும்.

இருங்கள், வருகிறார்கள் மறுபடியும்.

ம்.

சூட்டை மடித்து, பாலித்தீன் உறையில் போட்டு, பையில் வைத்து, ஜிப் மூடிவிட்டேன். நான் சொல்லவில்லை. போட்டுக்கொள்ளும்போது அவளே பார்க்கட்டும், பார்த்துவிட்டு "அம்மா!" என்று ஒரு சத்தம் போடட்டும், அது போதும் என்று இருந்தேன். அதற்காகத்தான் செய்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

சனிக்கிழமை காலை. ஸ்க்ரூட்டினி. உங்களுக்கும் இன்று காலை நடந்திருக்குமே. ஹெல்மெட், கையுறை, ஷூ, சூட், எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி வைக்க வேண்டும், ஒருவர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். இவள் பையைத் திறந்து, உறையை உருவி, சூட்டை மேஜையில் வைத்தாள். பார்க்கவே இல்லை. அவள் கண் ட்ராக்கில் இருந்தது. அந்த மனிதர் மூக்கு நுனியில் கண்ணாடி போட்டுக்கொண்டு காலரைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். விரலால் தடவினார். சிஸ்டர் பெனிக்னா தடவுவது மாதிரியே. எனக்கு நெஞ்சு விம்மிவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒருவராவது என் வேலையைத் தடவிப் பார்க்கிறாரே.

"லேபிள் எங்கம்மா?" என்றார் அவளிடம்.

"பின்னால இருக்குங்க சார்."

"இல்லையே."

"இருக்குதுங்க சார், காலர்ல..." என்று எடுத்துப் பார்த்தாள். தடவினாள். அப்புறம் அவரைப் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தாள். எத்தனையோ பேர் நின்றார்கள், அவள் அப்பாவும் நின்றார். என்னைத்தான் பார்த்தாள். வேறு யாராக இருக்கும் என்று யோசிக்கக்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை.

நான் முன்னால் போய், அதை நான்தான் எடுத்தேன், அது வெறும் விளம்பரம் என்று இங்கிலீஷில் சொன்னேன். அவர் தமிழில் பதில் சொன்னார். "அம்மா, இது நெருப்புத் தாங்கற துணின்னு சொல்ற லேபிள். இது இல்லைன்னா இது சாதாரணச் சட்டை." பட்டி பர்ஸில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன், இதோ இருக்கிறது, ஐந்து நிமிஷத்தில் தைத்துத் தருகிறேன் என்றேன். அவர் அதை வாங்கவே இல்லை. அதற்குள் அவர் கை சூட்டின் இடுப்புக்குப் போய்விட்டது. எப்படிக் கண்டுபிடித்தாரோ. என் தையலை இதுவரைக்கும் யாரும் கண்டுபிடித்ததில்லை.

"இதுவும் நீங்கதானா?"

"நான்தான். அதில் என்ன குறை?"

 நகத்தால் ஒரு நூலை இழுத்தார். ஒரு விரல் நீளம் வந்தது. பக்கத்தில் நின்றவரிடம் லைட்டர் கேட்டு வாங்கி அந்த நூலைக் காட்டினார். பற்றிக்கொண்டது. சுருண்டு சுருண்டு மேலே போய், கறுப்பாக ஒரு மணி மாதிரி ஆகி நின்றது. அந்த மணி அவர் கட்டைவிரலில் பட்டது. கையை உதறினார்.

"பாத்தீங்களா, உருகுது. உருகினா தோல்ல ஒட்டும். உங்க பொண்ணு இடுப்பைச் சுத்தி ஒட்டும்மா."

இவ்வளவு விவரம் எதற்கு? நீங்களே சொல்லுங்கள். சூட் செல்லாது என்றால் செல்லாது என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே. நாலு பேருக்கு முன்னால் லைட்டரைக் கொளுத்தி, நாடகம்.

அப்போதுதான் கேட்டாள். நான் முதலில் சொன்னேனே, அது.

அப்புறம் ஓட்டம். வேறு சூட் தேடி அவள் அப்பா ஒரு பக்கம், டீம் ஆட்கள் ஒரு பக்கம். நான் டிஃபன் கூடையோடு ஒரு பக்கம். இதற்குள் மற்றவர்களெல்லாம் குவாலிஃபையிங்குக்குப் போய்விட்டார்கள், யார் எந்த வரிசையில் நின்று ரேஸைத் தொடங்குவது என்று பார்க்கிற ஓட்டம். இவள் அதில் ஓட்டவில்லை. ஓட்டவில்லை என்றால் எல்லோருக்கும் கடைசியில் நிற்க வேண்டும். மத்தியானம் ஒருவழியாகச் சூட் கிடைத்தது. வேறு வகைக் கார் ஓட்டுகிற ஒரு மனிதர், எங்கள் வீட்டுக்காரர் வயசு இருக்கும், நல்ல தொப்பை, அவருக்கு மறுநாள்தான் ரேஸ். "எடுத்துக்கோ கண்ணு" என்று கொடுத்தார். நல்ல மனிதர். ஆனால் அந்தச் சூட்டுக்குள் என் மகளைப் போல இரண்டு பேர் போகலாம். அரிசிச் சாக்கு என்றாளே நாத்தனார், அவள் அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும்.

அன்றைக்குச் சாயங்காலமே ரேஸ். கடைசியிலிருந்து தொடங்கினாள். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். எப்போதும் மூடிக்கொள்வேன், சத்தத்தை வைத்தே அவள் காரைக் கண்டுபிடித்துவிடுவேன், அது அவளுக்குத் தெரியாது. பக்கத்தில் ஒருவர் கத்திக்கொண்டே இருந்தார். "அந்தப் பொண்ணு ஒம்பதாவது... ஏழாவது... யப்பா, உள்பக்கமா போறாளே!" நான்காவதாக வந்தாள். நான்காவது. மூன்றாவது வந்த காருக்கும் இவளுக்கும் நடுவில் நீங்கள் இந்தத் துணியை விரித்தால் மூடிவிடும். இடுப்பில் பெல்ட் போட்ட இடமெல்லாம் அந்தப் பெரிய சூட் மடிந்து மடிந்து உறுத்தி, தோல் கன்றிப்போயிருந்தது. நான் எண்ணெய் தடவப் போனேன். "நீ எதையும் தொடாதே" என்றாள்.

வேனில் திரும்பினோம். சேலம் தாண்டி டீக்கு நிறுத்தினார் அவள் அப்பா. அவள் இறங்கவில்லை. நானும் இறங்கவில்லை. அப்போது சொன்னாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. "தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"என்ன தப்பு? உனக்கு நல்லது செஞ்சது தப்பா?" என்றேன்.

"நல்லதா இல்லையான்னு கேக்கல. என்னைக் கேட்டியான்னு கேக்கறேன்."

"சின்ன வயசுல உன் கவுனெல்லாம் உன்னைக் கேட்டா தெச்சேன்?"

 டீயோடு வந்தவர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு மூன்று டீயையும் அவரே ஒவ்வொன்றாகக் குடித்தார். "விடு பிரபா" என்றார் என்னிடம். நான் என்ன பிடித்தா வைத்திருக்கிறேன், விடுவதற்கு?

அடுத்த மாதமே சென்னைக்குப் போய்விட்டாள். ஒரு டீமில் வேலை. ஐ.டி. கம்பெனி ஆட்களுக்கு ஒழுங்காகக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாள். அதற்குப் பதிலாக டீம் கார் சும்மா நிற்கும்போது இவள் ஓட்டிப் பழகிக்கொள்ளலாம். தினமும் அவள் அப்பாவுக்கு போன் வரும். நான் அடுக்களையில் இருப்பேன். "அம்மா நல்லா இருக்காளா?" என்று கேட்பாள், ஸ்பீக்கரில் போடாமலே எனக்குக் கேட்கும். "இருக்கா கண்ணு" என்பார் இவர். நான் என்ன செத்தா போனேன்? என்னையே கேட்கலாமே. நான் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைப்பேன். அது அவளுக்குக் கேட்கும் என்று எனக்குத் தெரியும்.

அலுத்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், ரொம்ப அலுத்துவிட்டது. முன்பெல்லாம் சண்டை போட்டால் மறுநாள் காலையில் தோசைக்கல் போட்டதும் தீர்ந்துபோகும். இப்போது தோசை ஊற்றினால் சாப்பிட ஆள் இல்லை.

ஒரு விஷயம் சொல்கிறேன், வீட்டில் யாருக்கும் தெரியாது. வீட்டில் இருக்கிற நூலெல்லாம் எடுத்து வைத்து ஒவ்வொன்றாக நெருப்பில் காட்டிப் பார்த்தேன். சும்மா, ஒரு பரிசோதனைக்கு. தையல் தெரிந்தவள் நூலைத் தெரிந்துகொள்ள வேண்டாமா? பருத்தி சாம்பலாகிறது. பாலியெஸ்டர், நைலான், எல்லாம் அந்த மனிதர் காட்டினாரே, அதே கறுப்பு மணி. என் ரவிக்கை நூல், தலையணை உறை நூல், அவளுடைய பழைய கவுன் ஒன்று வைத்திருந்தேன், அதன் ஓரத்து நூல். எல்லாம் மணிதான். கட்டைவிரலில் வைத்துப் பார்த்தேன். சுடுகிறது. ரொம்ப நேரம் சுடுகிறது. அப்புறம் அந்தப் பாலியெஸ்டர் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டேன். எதற்கென்று கேட்டார் இவர். பழசாகிவிட்டது என்றேன்.

இதோ, இதை எடுத்துக்கொள்ளுங்கள். நெருப்புத் தாங்கற நூல். ஆர்டர் போட்டு வரவழைத்தேன். உங்கள் கண்ணுக்குச் சாதாரண நூல்தான், ஆனால் லைட்டரைக் காட்டினால் கொஞ்சம் கறுக்கும், உருகாது. பெயர்ப்பட்டியை மேல் துணியில் மட்டும் பிடித்துத் தையுங்கள், ஊசி உள்துணிக்கு இறங்கக் கூடாது. காலரைத் தொடவே தொடாதீர்கள். முதலில் இலக்கியாவைக் கேளுங்கள். அவள் வேண்டாம் என்றால் ஊசியைக் கீழே வைத்துவிடுங்கள். நூலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு எதற்கு? நான் யாருக்குத் தைக்கப் போகிறேன்?

இன்றைக்கு இங்கே என்ன என்றுதானே கேட்கிறீர்கள். எஃப்-ஃபோரில் ஒரு பையனுக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. அவன் காரை ஓட்ட இவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்த ஒரு ரேஸ்தான். நன்றாக ஓட்டினால் வருஷம் முழுக்க வைத்துக்கொள்வார்களாம். சொந்த ஊர் ட்ராக். வீட்டிலிருந்து அரைமணி நேரம். ஆனால் வீட்டுக்கு வரவில்லை, டீமோடு லாட்ஜில் இருக்கிறாள். சொந்த ஊரில் லாட்ஜ்.

பாஸ் வந்தது. உங்கள் கழுத்தில் இருக்கிறதே, உள்ளே போகிற பாஸ், அதேதான். கூரியரில் இரண்டு வந்தது. இவர் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, இன்னொன்றை என் முன்னால் நீட்டினார். "யாருக்கு?" என்றேன். "உனக்குத்தான்" என்றார். "அவள் சொன்னாளா?" "சொல்லணுமா? ரெண்டு அனுப்பிச்சிருக்கா." "என் பேர் போட்டிருக்கா?" "யார் பேரும் போடல பிரபா, பாஸ்ல பேர் போட மாட்டாங்க." சரிதான். பெயர் போடாததை எடுத்துக்கொண்டு உள்ளே போய் நின்று, அவள் திரும்பிப் பார்த்து, 'உன்னை யார் வரச்சொன்னா' என்று கேட்டால்? இன்னொரு தடவை நாலு பேர் முன்னால் என்னால் முடியாது. ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டேன். அவர் போனதும் ஆட்டோ பிடித்து, டிக்கெட் எடுத்து, இங்கே வந்து உட்கார்ந்தேன். நான் வந்திருப்பது இரண்டு பேருக்கும் தெரியாது. அவரைப் பொறுத்தவரைக்கும் நான் துணிக்கடைக்குப் போயிருக்கிறேன்.

மெயின் ரேஸ் இதுதான். கார்களைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள் பாருங்கள். கீழே, வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில். அதோ, எங்கள் வீட்டுக்காரர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. அதோ சம்மு. நீல சூட். இளைத்துவிட்டாள். இடுப்பு சரியாக இருக்கிறது, அளவெடுத்துத் தைத்தது. யார் தைத்தார்களோ, பரவாயில்லை. ஹெல்மெட்டைக் கையில் வைத்திருக்கிறாள். என்ன, இந்தப் பக்கம் பார்க்கிறாளா? இல்லை, கூட்டத்தைப் பார்க்கிறாள். அவ்வளவுதான்.

திரும்பிவிட்டாள்.

ஐயோ, காலர்.

பின்காலரைப் பாருங்கள், உள்பக்கமாக மடிந்திருக்கிறது. தெரிகிறதா? லேபிள் மடிப்புக்குள்ளே போய்விட்டது. யாரும் பார்க்கவில்லை. அவர் பக்கத்தில்தான் நிற்கிறார், அவருக்கு எங்கே கண் தெரிகிறது? யாராவது ஒருவர் திருப்பிப் பார்த்து லேபிள் எங்கே என்று கேட்டால் இன்னொரு தடவை... காரிலேறக் காலைத் தூக்குகிறாள். போன் போட்டால் அவருக்குக் கேட்காது. பாஸ் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது.

நீங்கள் போங்களேன். உங்களிடம்தான் பாஸ் இருக்கிறதே, சூட்டை இங்கே வையுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன், தொட மாட்டேன். அந்தக் கேட் வழியாக இறங்கினால் நேராக அவள்தான். பின்காலர் மடிந்திருக்கிறது என்று சொல்லுங்கள். நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம், யாரோ ஒரு அம்மா என்று... இல்லை. நான் சொன்னேன் என்றே சொல்லுங்கள். அம்மா மேலே உட்கார்ந்திருக்கிறாள், அவள் சொன்னாள் என்று சொல்லுங்கள். ஆனால் நீங்களாகக் கை வைத்துவிடாதீர்கள். சரி பண்ணட்டுமா என்று முதலில் கேளுங்கள். கேட்டுவிட்டுத் தொடுங்கள். அதை மட்டும் மறந்துவிடாதீர்கள், கேட்டுவிட்டு...

ஏங்க? படி இறங்கிவிட்டீர்களே, இஞ்சினைப் போட்டுவிட்டார்கள், நான் சொன்னது கேட்டதா? ஏங்க?